மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்

2019 நவம்பர் 18, திங்கட்கிழமை. கார்த்திகை இரண்டு. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். தண்ணீர் வரும் நாள். எட்டுக் குடம் பிடித்தேன். இட்லி, தக்காளிச் சட்னி. ஏழு நாற்பதுக்கு எம். புதுப்பட்டியில் கம்பெனி வேன் ஏறி, எட்டு இருபதுக்கு சிவகாசியில் இறங்கினேன். காலையில் டைரி ஆர்டர் ஆறு. இன்றுதான் முதன்முதலாக காலண்டருக்கும் இணையத்தில் ஆர்டர் வந்தது: நான்கு. நான்கையும் நானே சரிபார்த்துக் கட்டினேன். மாலை நான்கு மணி வண்டியில் ஏற்றினேன். நான்கிலும் தேதித் தாள் சரி. இரவு ரசம், அப்பளம். ஒன்பதரைக்குப் படுத்தேன்.

அன்றைய டைரிப் பக்கத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான். "நான்கிலும் தேதித் தாள் சரி" என்ற வரிக்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன். தேதித் தாள் சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு அங்குலத்தில் இருந்ததுதான் தப்பு. அந்தத் தப்பைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

போன ஆயுத பூஜைக்கு கம்பெனிக்குப் போயிருந்தேன். நான் ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. இணைய விற்பனை தொடங்கிய வருடம் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். இப்போது ஒன்பது மேசை. முகவரிச் சீட்டு தானாக அச்சாகி வெளியே வருகிறது. பொரியும் சுண்டலும் கொடுத்த பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: "ஏக்கா, இந்தப் பேர் போட்ட காலண்டர் யாரு யோசனை? சின்ன முதலாளியா?"

"இல்ல தாயி. அது யோசனையே இல்ல. தப்பு."

எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றுவிட்டார்கள். வேன் கிளம்பும் நேரமாகிவிட்டதால் சொல்ல முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்று வந்தேன். 2019ஆம் வருட டைரியை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்த டைரியில் ஜூலை 14 இரண்டு முறை வரும். என்னிடம் இருப்பவை எல்லாமே அப்படிக் கழித்துப்போட்ட டைரிகள்தான். கம்பெனியில் வீணாகப் போகும் டைரி எனக்குத்தான் என்பது எழுதாத ஒப்பந்தம்.

பத்தொன்பது வயதில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். என் வீட்டில் மற்ற எல்லோரும் பட்டாசு வேலை. கல்யாணமும் பட்டாசு வேலை பார்ப்பவரோடுதான். நான் மட்டும் அச்சுத் தொழில். முதலில் தாள் அடுக்கினேன், பிறகு எண்ணிக்கை, பிறகு தகரப் பட்டி அடிக்கும் மெஷின். தினசரி காலண்டரின் தாள் கட்டை அட்டையோடு சேர்த்துப் பிடிக்கிறதே, அந்தத் தகரம். அதில் இருபத்தாறு வருடம். ஒரு கட்டைக் கையில் எடுத்துக் கட்டை விரலால் விர்ரென்று ஓட்டினால் எந்த மாதத்தில் தாள் மாறியிருக்கிறது என்று விரலே சொல்லிவிடும்.

2019 ஆனி மாதம் வலது மணிக்கட்டு வீங்கியது. மெஷினில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயது. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம். அதே சமயத்தில் கம்பெனியில் இணைய விற்பனை தொடங்கினார்கள். ஆடிப் பதினெட்டு அன்று, புது வருட காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடும் நாளில், குடோனை ஒட்டிய ஒரு சின்ன அறையில் கம்ப்யூட்டரும் மேசையும் போட்டார்கள். கம்ப்யூட்டருக்கு சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி. பார்சல் கட்ட நான். "ஒத்தைக் காலண்டர் தூக்குறதுக்கு மணிக்கட்டு ஒண்ணும் செய்யாது. அங்கன இருக்கட்டும்" என்று என்னை அங்கே போட்டவர் மேனேஜர் ரத்தினவேல் அண்ணாச்சி.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலை பதினொன்றே காலுக்கு ஒவ்வொரு அறையாக வருவார். சட்டைப் பையில் ஒரு சின்ன அளவு நாடா இருக்கும். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு தடவை வாசிப்பார். என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "பாப்போம்." லீவு கேட்டாலும் பாப்போம், ஃபேன் ஓடவில்லை என்றாலும் பாப்போம். புதிதாக வந்தவர்கள் நொந்துபோவார்கள். பழையவர்களுக்குத் தெரியும், பதில் வாயிலிருந்து வராது, அரை மணி நேரம் கழித்து எலெக்ட்ரீஷியனாக வரும்.

ஆனால் அந்த அறையைப் பற்றி மட்டும் முதல் நாளே தெளிவாகச் சொன்னார். "கார்த்திகை கடைசி வரைக்கும் இது ஓடுதான்னு முதலாளி பாக்கச் சொல்லிருக்காக. ஓடலைன்னா மார்கழி ஒண்ணுல இருந்து இது டைரி குடோன்." நான் என்ன ஆவேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெஷினுக்குத் திரும்ப முடியாது. அறை போனால் வீடுதான்.

இணையத்தில் விற்பது எப்படி என்று ஆடியில் எனக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் விற்ற விதம் வேறு. ஏஜெண்டு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவார். கடைக்காரர் தாளைத் தடவிப் பார்ப்பார், சாமி படத்தில் கண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், டீ சொல்வார், ஐநூறுக்கு ஆர்டர் கொடுப்பார். இணையத்தில் வாங்குகிறவர் தடவிப் பார்க்க முடியாது. அவருக்கு இருப்பது ஆறு போட்டோவும் நாலு வரியும்தான். அதை நம்பி அவர் கையெட்டாத இடத்தில் இருக்கும் பொருளுக்குப் பட்டனை அமுக்குகிறார். ஆர்டர் செல்வியின் திரையில் விழும். இரண்டு நாளைக்குள் கட்டி அனுப்பியாக வேண்டும். வண்டிக்காரர் வந்து சீட்டில் உள்ள கோடுகளைக் கருவியால் 'பீப்' என்று வாசிப்பார். அந்த நிமிஷத்திலிருந்து பார்சல் எந்த ஊரில் இருக்கிறது என்று வாங்கியவர் பார்த்துக்கொண்டே இருப்பார். கைக்கு வந்ததும் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடுவார். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புவார். அடுத்து வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த நட்சத்திரத்தைத்தான். நட்சத்திரம் குறைந்தால், நாம் விற்கும் இணையதளம் நம் பொருளைப் பின் வரிசைக்குத் தள்ளிவிடும். யார் கண்ணிலும் படாது.

நான் கட்டும் முறையை இரண்டு வாரத்தில் அமைத்துக்கொண்டேன். தாள் கட்டை ஒரு முறை விரலால் ஓட்ட வேண்டும். மாதக் கடைசித் தேதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2020 லீப் வருடம் என்பதால் பிப்ரவரி 29 இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பிறகு முன்னும் பின்னும் இரண்டு கெட்டி அட்டை. நாலு மூலைக்கும் மடித்த அட்டைத் துண்டு. மூலை நசுங்கினால் காலண்டருக்கு அழகு போச்சு. டேப் குறுக்கே ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. இடுப்பு உயரத்திலிருந்து ஒவ்வொரு மூலையாகத் தரையில் போட்டுப் பார்ப்பேன். கடைசியாக முகவரிச் சீட்டு, சுருக்கம் இல்லாமல். சுருக்கம் விழுந்தால் கருவி வாசிக்காது.

"இம்புட்டு நேரம் அதைத் தடவிக் குடுக்கீகளே, தாலாட்டும் பாடிருங்கக்கா" என்பாள் செல்வி.

என் வீட்டுக்காரர் இரவு சாப்பிடும்போது கேட்பார்: "எங்க சரக்கையும் ஒங்க பெட்டில போட்டு அனுப்பேன்." பட்டாசை இணையத்தில் விற்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும். கேலிதான். "ஒங்க சரக்குக்கு நட்சத்திரம் வாங்க வேண்டாம், அதுவே விடும்" என்பேன் நான்.

ஐப்பசி வரை டைரி மட்டும் விற்றோம். சுமார்தான். கார்த்திகை பிறக்கும்போது தினசரி காலண்டரையும் ஏற்றினோம். போட்டோவுக்கு ஆல்பத்தில் இருந்த மாதிரிக் காலண்டரை எடுத்தாள் செல்வி. மேலே முருகன் படம், நடுவே தாள் கட்டு, கீழே வெள்ளையாக ஒரு பட்டை.

அந்த வெள்ளைப் பட்டையில்தான் சமாச்சாரம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் யாரும் காலண்டர் வாங்குவதில்லை. காலண்டர் கொடுக்கப்படுவது. நகைக்கடை கொடுக்கும், மளிகைக்கடை கொடுக்கும், கீழே கடையின் பெயர் இருக்கும். நான் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் பெயர் போடாத காலண்டர் ஒன்று கூட கேட்டைத் தாண்டியதில்லை. பட்டை வெள்ளையாக இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். எடுத்துத் தனியாக வைத்துவிடுவோம்.

நவம்பர் 18 அன்று செல்வி நான்கு ஆர்டர் சீட்டையும் எடுத்து, எப்போதும் கடைகளின் காலண்டர் ஆர்டர் சீட்டுகள் போகும் தட்டில் வைத்தாள். அந்தத் தட்டு பால்பாண்டி அண்ணனுக்குப் போகும். அவர் பெயர் அச்சடிக்கும் சின்ன மெஷினைப் பார்ப்பவர். சீட்டில் பெயர் இருந்தது, முகவரி இருந்தது. வேறென்ன வேண்டும்? வழக்கம்போல் மேலே பிள்ளையார் சுழி, பிறகு பெயர், பிறகு முகவரி. என்ன வியாபாரம் என்று எழுதித் தராத கடைகளுக்கு அவரிடம் ஒரு வரி எப்போதும் தயாராக இருக்கும். அதையும் போட்டுவிட்டார்.

"என்னம்மா இது, இண்டர்நெட்டு கடைக்காரங்களுக்கு ஒத்தைக் காலண்டர் போதுமாம்லா? ஒரே ஒரு வாடிக்கைதான் வருவாகளோ?" என்று சிரித்துக்கொண்டே நான்கையும் கொண்டு வந்து வைத்தார்.

நான் என்ன செய்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். தேதித் தாளை ஓட்டினேன். பிப்ரவரி 29 பார்த்தேன். கீழ்ப் பட்டையையும் பார்த்தேன். "அண்ணே, இது டமயந்தி இல்ல, தமயந்தி. மாத்தி அடிச்சுத் தாங்க" என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் திருத்திக் கொண்டு வந்தார். அதில் இப்படி இருந்தது:

உ
இரா. தமயந்தி
மூன்றாவது மாடி, பெரிய தண்ணீர்த் தொட்டி எதிரில், ராய்ப்பூர்
மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்

பார்க்க நிறைவாக இருந்தது. கட்டி அனுப்பினேன்.

அந்த நான்கையும் சேர்த்து, எட்டு நாளில் அப்படிப் பத்தொன்பது காலண்டர் போனது.

நவம்பர் 26, செவ்வாய். நான் அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். செல்வி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"அக்கா. ஒத்தை நட்சத்திரம்."

"யாரு?"

"ராய்ப்பூரு. திருப்பி எடுக்கச் சொல்லி எழுதியிருக்காக." அவள் வாசித்தாள். "நான் கடை நடத்தவில்லை. என் பெயரையும் வீட்டு முகவரியையும் அச்சடித்து, மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும் என்று போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். என்ன கிடைக்கும்?"

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். டமயந்தியைத் தமயந்தியாக்கிய மகராசி நான்தானே.

பதினொன்றே காலுக்கு அண்ணாச்சி வந்தார். கண்ணாடியை ஏற்றினார். இரண்டு தடவை வாசித்தார். பால்பாண்டி அண்ணனைக் கூப்பிட்டு விட்டார்.

"பேர் போடாம எப்பிடி அண்ணாச்சி அனுப்புறது? அம்மணமால்ல போகும்?" என்றார் பால்பாண்டி அண்ணன்.

அண்ணாச்சி அவரைத் திட்டவில்லை. செல்வியிடம், "படத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். முருகன், தாள் கட்டு, வெள்ளைப் பட்டை.

"பெட்டில என்ன போச்சு?"

செல்வி திரையிலிருந்த ஒத்தை நட்சத்திரத்தைக் காட்டினாள்.

"படத்துல இருக்கதுதான பெட்டில போகணும். இதுதான ஒங்க வியாபாரம்?" என்றார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "கார்த்திகை முடிய இன்னும் இருபது நாள் கெடக்கு."

நான் சொன்னேன்: "அண்ணாச்சி, பத்தொன்பது பேருக்கும் வெள்ளைப் பட்டையோட வேற ஒண்ணு அனுப்பிருவோம். அவுக கேக்குறதுக்கு முன்னாடி நாமளே கூப்பிட்டுச் சொல்லிருவோம். பழசை அவுகளே வச்சுக்கிடட்டும், கிழிச்சுப் போடட்டும்."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் தள்ளுவண்டியில் பத்தொன்பது வெள்ளைப் பட்டைக் காலண்டர் வந்து நின்றது.

வாங்கியவர்களின் போன் நம்பர் நமக்குத் தெரியாது. தளமே நடுவில் நின்று இணைத்துக் கொடுக்கும். முதலில் ராய்ப்பூர். செல்வி ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள்.

"அம்மா, வணக்கம். சிவகாசில இருந்து பேசுறேன். காலண்டர் அனுப்புனோமே..."

"ஓ, நீங்கதானா அது!" என்றது அந்தப் பக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதாகச் சொன்னார். "ஏங்க, எங்க எதிர்வீட்டு அம்மாவுக்கும் தமிழ் படிக்கத் தெரியும். நேத்து வந்து கேக்குறாங்க, தமயந்தி, எப்பக் கடை போட்ட, என்ன விக்கிறன்னு. நான் என்னங்க சொல்றது?"

"தப்பு எங்க பேர்லதாம்மா. வீட்டு முகவரியை அப்பிடிப் போட்டிருக்கவே கூடாது. எங்க ஊர்ல காலண்டர்னா கீழ கடை பேரு இருந்தாத்தான் காலண்டரு. வெறும் பட்டையைப் பாத்தா எங்களுக்குக் கை ஓடாது. ஒங்களையும் ஒரு கடைன்னு நெனச்சுட்டோம்."

"ஒரே ஒரு காலண்டர் வாங்குற கடையா?"

"சின்னக் கடைன்னு நெனச்சோம்."

அந்தப் பக்கம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

"வேற ஒண்ணு இன்னைக்கே அனுப்புறோம்மா. வெறும் பட்டையோட. பழசை எடுக்கவும் ஆள் வருவாக."

"ஆளை அனுப்பாதீங்க" என்றார். "அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கோபத்துல நட்சத்திரம் போட்டேன், நிஜந்தான். ஆனா அதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு, முகவரி மேல பேப்பர் ஒட்டிட்டாரு. ஒட்டிட்டு, உன் பேரு மட்டும் இருக்கு, என் பேரு எங்கன்னு சண்டை. கடைசில மொத்தமாகவும்கிற வரி மேலயும் பேப்பர் ஒட்டி, பேனாவுல 'காப்பி எப்போதும் கிடைக்கும்'னு எழுதிட்டாரு. இப்ப வர்றவங்க எல்லாம் அதைப் படிச்சுட்டு உக்காந்துடுறாங்க. காலையிலேருந்து மூணு தடவை காப்பி போட்டாச்சு."

பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "புதுசா அனுப்புறதுன்னா, வெறும் பட்டை வேண்டாம். ரெண்டு பேர் பேரும் போட்டு, அந்தக் காப்பி வரியை அச்சுலயே போட்டு அனுப்ப முடியுமா? முகவரி மட்டும் வேண்டாம்."

பால்பாண்டி அண்ணனிடம் சொன்னேன். "காப்பியா? காப்பித்தூளா?" என்று கேட்டார். "காப்பி, அண்ணே. குடிக்கிற காப்பி." அவர் தலையை ஆட்டியபடியே போய் அடித்துக் கொண்டு வந்தார். வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே அழகான காலண்டர் அதுதான்.

மற்ற பதினெட்டுப் பேரையும் இரண்டு நாளில் கூப்பிட்டு முடித்தேன். எல்லோரும் தமயந்தி இல்லை. ஒருவர் நான் பேசி முடிப்பதற்குள் வைத்துவிட்டார். மூன்று பேர் திருப்பி அனுப்பினார்கள். ஒரு அம்மா, தனியாக இருக்கிறேன், வீட்டு முகவரி இப்படி வந்தது பயமாக இருந்தது என்று சொன்னார். அவரிடம் மன்னிப்புத்தான் கேட்டேன். அன்றே ஒரு நோட்டுத் தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன்: முகவரி பெட்டிக்கு வெளியே மட்டும். இன்றைக்கும் அந்தத் தாள் அங்கே இருக்கிறது.

டிசம்பர் 4 அன்று ராய்ப்பூரின் ஒத்தை நட்சத்திரம் ஐந்தாக மாறியது. தமயந்தி ஒரு போட்டோவும் போட்டிருந்தார். சுவரில் காலண்டர், அதன் கீழே கணவனும் மனைவியும் கையில் காப்பி டம்ளரோடு. நடந்ததையும் ஆறு வரியில் எழுதியிருந்தார். அன்று மாலையே செல்வியின் திரையில் கேள்வியாக வந்து விழுந்தது. எங்கள் பெயரும் போடுவீர்களா? எங்கள் வீட்டு வரியும் போடுவீர்களா?

அண்ணாச்சியிடம் கேட்டோம். "பாப்போம்" என்றார். மறுநாள் காலை பால்பாண்டி அண்ணனின் மெஷினை நான்கு பேர் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்குள் வந்தார்கள். அவரும் பின்னாலேயே, ஸ்டூலும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து சேர்ந்தார்.

செல்வி தளத்தில் புதிதாகப் பக்கம் திறந்தாள். பெயருக்கு ஒரு கட்டம், வரிக்கு ஒரு கட்டம், பிள்ளையார் சுழி வேண்டுமா என்று ஒரு கட்டம். அது பால்பாண்டி அண்ணனின் பிடிவாதம். நான் ஒரு முறை வைத்தேன். அடித்ததும் போட்டோ எடுத்து வாங்கியவருக்கே அனுப்ப வேண்டும். அவர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் கட்ட வேண்டும். படத்தில் இருப்பது பெட்டியில் போக வேண்டும் என்றால், படத்தையே பெட்டியில் போகிற பொருளில் எடுத்துவிடுவதுதானே நியாயம்.

வந்த வரிகளை எல்லாம் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது ஜூலை 14ஆம் பக்கம் அதற்குத்தான் பயன்பட்டது. "ஞாயிறு மட்டும் மீன் குழம்பு." "செருப்பை வெளியே விடவும், கவலையையும்." புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி: "சண்டை சில்லறையாகவும் சமாதானம் மொத்தமாகவும் கிடைக்கும்." பால்பாண்டி அண்ணன் ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் அடிப்பார். மெஷின் சத்தத்தைவிட எங்கள் சிரிப்புச் சத்தம் அதிகம் என்று பக்கத்து பைண்டிங் அறையில் புகார் சொன்னார்கள்.

இவ்வளவு நடந்தும் அண்ணாச்சி அறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்த்திகை குறைந்துகொண்டே வந்தது. தினமும் காலையில் சுவர்க் காலண்டரில் தாள் கிழிப்பது என் வேலை. அந்த வாரம் கிழிக்கக் கை வரவில்லை, செல்விதான் கிழித்தாள்.

டிசம்பர் 16, திங்கட்கிழமை. கார்த்திகை கடைசி நாள். பதினொன்றே காலுக்கு அண்ணாச்சி வரவில்லை. நான் அவரைப் பார்த்த இத்தனை வருடத்தில் அது முதல் தடவை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடிவிட்டேன். இரண்டு மணிக்கு லோடு ஆட்கள் தள்ளுவண்டியில் டைரிக் கட்டுகளோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"இங்கன எறக்கச் சொன்னாகளா?" என்றேன்.

"டைரி குடோனுக்குன்னு சொன்னாக. இதுதான குடோன் ஆகப்போகுது?" என்றான் ஒருவன்.

பால்பாண்டி அண்ணன் மெஷினை நிறுத்தினார். நான் மேசை மேலிருந்த டேப், கத்தி, அடிக்கோல் மூன்றையும் எடுத்து வரிசையாக என் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். டேப் கம்பெனியுடையது என்று நினைவு வந்து திரும்ப மேசையில் வைத்தேன்.

அப்போதுதான் செல்வி, "அக்கா, இங்க வாங்க. சீக்கிரம் வாங்க" என்றாள். குரலே சரியில்லை.

திரையில் புது ஆர்டர் ஒன்று. ஊர் சிவகாசி. எங்கள் கம்பெனியிலிருந்து நடந்து போனால் நாலு நிமிஷத்தில் இருக்கும் தெரு. பெயர்க் கட்டத்தில்: சரோஜா, ரத்தினவேல். வரிக் கட்டத்தில்: "இங்கு 'பாப்போம்' மட்டும் கிடைக்கும். மொத்தமாகவும் சில்லறையாகவும்."

நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் லோடு ஆட்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பால்பாண்டி அண்ணன் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி வந்து வாசலில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

"என்ன?"

செல்வி திரையைத் திருப்பினாள். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றினார். ஒரு தடவை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார்.

"யாரு குடுத்த ஆர்டரு?"

"மதினிதான் அண்ணாச்சி" என்றேன்.

"சரோஜாவா? நேத்து ராத்திரில இருந்து போனை வச்சுக்கிட்டுத் தனியாச் சிரிச்சுக்கிட்டிருக்கா. இதுக்குத்தானா?"

"அடிக்கலாமா அண்ணாச்சி?" என்றார் பால்பாண்டி அண்ணன்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். 'பா' வரைக்கும் வந்தது என்று செல்வி இன்றைக்கும் சத்தியம் செய்வாள். அப்படியே மூடிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அடிங்க."

திரும்பி லோடு ஆட்களிடம், "ஏலே, டைரிய ஏன்லே இங்கன கொண்டாந்தீக? மாடி ரூமுக்குல்ல சொன்னேன். காலைல இருந்து முதலாளிகிட்ட உக்காந்து பேசிட்டு வாறேன், அதுக்குள்ள இங்கன குடோன் தொறந்துட்டீகளா?" என்றார்.

சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வாசல் அகலத்தை அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டாவது மேசை ஒண்ணு வருது. ஒனக்கு இன்னும் ரெண்டு ஆளு. மேசை நாலடி அகலம். இந்த வாசல்ல நொழையுமா?"

"பாப்போம், அண்ணாச்சி" என்றேன் நான்.

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கீழ் வரிசையில் ஒரு பல் இல்லை.

அன்று இரவு டைரியில் ஒரே வரிதான் எழுதினேன்: கார்த்திகை முப்பது, அறை நிற்கிறது.

மறுநாள் மார்கழி ஒன்று, செவ்வாய். வாசலில் கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூ வைத்துவிட்டு வேன் ஏறினேன். எட்டு இருபதுக்கு அறைக்குள் போனதும் சுவர்க் காலண்டரில் நானே தாள் கிழித்தேன். பால்பாண்டி அண்ணன் முந்தின நாளே அடித்து வைத்திருந்தார். "நாலு நிமிஷ நடை. கையில குடுத்துட்டு வந்துருதேன், மதினி காப்பியும் குடுப்பாக" என்றார். "ஆர்டர்னா ஆர்டர், அண்ணே" என்று சொல்லிவிட்டேன். எல்லாப் பெட்டியையும் போல அதுவும் வண்டியில் மதுரைக்குப் போய், அங்கே பிரிந்து, மூன்றாம் நாள் சிவகாசிக்குத் திரும்பி வரட்டும். போட்டோ எடுத்து மதினிக்கு அனுப்பினோம். 'சரி' என்று பதில் வந்தது. தாள் கட்டை விரலால் ஓட்டினேன். பிப்ரவரி 29 இருந்தது. பிறகு கீழ்ப் பட்டையைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை வாசித்தேன். நான்கு மூலைக்கும் அட்டை வைத்து, சுருக்கம் இல்லாமல் சீட்டை ஒட்டினேன்.